எத்தனை அடி?

திருச்செங்கோட்டிலிருக்கும் என் சம்பந்தி சென்ற வியாழக்கிழமை இரவு கைப்பேசியில் அனுப்பிவைத்த அட்டவணையை நான் இன்னும் அழிக்கவில்லை. அழிக்காததற்குக் காரணம் அன்பு அல்ல, பெண்ணைக் கொடுத்த இடம் என்கிற மரியாதைதான். 'சேலம், நாமக்கல்: எட்டு மணி நேரத்தில் பார்க்க வேண்டியவை' என்று தலைப்பிட்டு, அதன் கீழே இடம், தூரம், நிற்கும் நேரம், உயரம் என்று நான்கு கட்டங்கள் போட்டு, அவற்றை நான் நிரப்பித் தரவேண்டுமென்றும், வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் கப்பல் கோஷ்டி கோயம்புத்தூரிலிருந்து தனி பஸ் பிடித்து வருகிறதென்றும், வருகிறவர்கள் ஐரோப்பாவையே பார்த்துவிட்டவர்களாகையால் உப்புச் சப்பில்லாத இடங்களைக் காட்டி மானத்தை வாங்கிவிடக் கூடாதென்றும் அவர் கட்டளையிட்டிருந்தார். இராசிபுரத்திலேயே பிறந்து வளர்ந்து, சுற்று வட்டாரத்திலேயே உத்தியோகம் பார்த்து, ஓய்வும் பெற்றுவிட்ட ஒருவனுக்கு இந்தப் பிரதேசத்தில் பார்க்கத்தக்கது எது என்று தெரியாதா? தெரியும். அந்தப் பட்டியலை, சம்பந்திக்கு மட்டுமன்றிச் சகல ஜனங்களுக்கும் உபயோகமாகும் வண்ணம், இக்கட்டுரையின் முடிவில் வெளியிட உத்தேசித்திருக்கிறேன். அதற்கு முன்பு அந்த நான்காவது கட்டத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லியாக வேண்டும்.

கப்பல் கோஷ்டி என்றது, மாப்பிள்ளையின் தயவால் போன கோடையில் பால்டிக் கடலைச் சுற்றிக் காட்டப்பெற்ற எங்களைத்தான். கப்பல் யாத்திரை எப்படி நடக்கும் என்பதை நான் வாசகர்களுக்கு விவரிக்க வேண்டிய அவசியமில்லை. கடலில் கால் நனைக்காதவர்கள்கூட நவக்கிரக பஸ்ஸிலோ, ஆடி மாதத்து அம்மன் தரிசன பஸ்ஸிலோ போயிருப்பீர்கள். தண்ணீர் ஒன்றைத் தவிர இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. விடிந்ததும் ஒரு துறைமுகம். இறங்குமுன் மார்பில் ஒட்டப்படும் ஓர் எண். அந்த எண்ணை எழுதிய பலகையை ஒரு கழியில் உயர்த்திக்கொண்டு முன்னால் நடக்கும் ஓர் அம்மாள். 'நாலரைக்குக் கப்பல் கிளம்பிவிடும், யாருக்காகவும் நிற்காது' என்று காலை எட்டு மணிக்கே அவர் விடுக்கும் எச்சரிக்கை. அந்த எச்சரிக்கைக்குப் பிறகு ஊரைப் பார்ப்பதை விட்டுவிட்டு மணிக்கட்டைப் பார்க்கத் தொடங்கும் நாங்கள். 1620ஆம் வருஷம் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய டேனிஷ்காரர்கள், தஞ்சை நாயக்க மன்னரிடம் அநுமதி பெற்று, டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டி, உப்புக் காற்றில் வெந்து, மிளகு வியாபாரம் பண்ணி, 1845இல் ஆங்கிலேயக் கம்பெனிக்கு எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் புறப்படுகிற வரையில் நிதானமாக 225 வருஷம் நம்முடைய கடற்கரையைப் பார்த்தார்கள். அதற்கு எதிர்மரியாதையாக அவர்களுடைய தலைநகரமாகிய கோபன்ஹேகனை நாங்கள் ஒரே பகலில் பார்த்து முடித்தோம்; அதிலும் மத்தியான்னம் முழுவதும், தயிர்சாதத்துக்கு ஏதாவது வழியுண்டா என்று விசாரிப்பதிலேயே கழிந்தது.

அந்த ஊரில் எல்லாரும் முதலில் போய்ப் பார்ப்பது ஒரு கடற்கன்னியை. கப்பல்கள் நிற்கும் லாங்கலினி என்னும் கரையோரத்திலேயே, நீருக்குள் கிடக்கும் பாறையொன்றின்மேல் அவள் உட்கார்ந்திருக்கிறாள். ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் எழுதிய கதையின் நாயகி. பீர் காய்ச்சிப் பணம் பண்ணிய கார்ல் யாகப்சன் என்பவர் செலவு செய்து, எட்வர்ட் எரிக்சன் என்ற சிற்பி வடித்து, 1913இல் அங்கே வைத்த வெண்கலப் பதுமை. 1964இல் யாரோ ஒரு மகானுபாவன் ராத்திரியில் வந்து அவளுடைய தலையை அறுத்துக்கொண்டு போய்விட்டான். வேறு தலை வார்த்து வைத்தார்கள். 1998இல் மறுபடியும் தலை போயிற்று. 2003இல் வெடி வைத்து அவளைப் பாறையிலிருந்தே தள்ளினார்கள். இத்தனைக்கும் பிறகு அவள் தலையைச் சற்றே சாய்த்துக்கொண்டு, யாரையும் குற்றம் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். கிட்டப் போய்ப் பார்த்தால், கால்கள் மனுஷியின் கால்களாகவே இறங்கி வந்து, கணுக்காலை நெருங்கும்போது மெல்ல மெல்லத் துடுப்பாக மாறுவதும், எந்த இடத்தில் கால் முடிந்து எந்த இடத்தில் மீன் ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாமலிருப்பதும் தெரியும். நான் அதை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் சம்பந்தி என் தோளைத் தொட்டார்.

"ஏனுங்க சம்பந்தி, இது எத்தனை அடி இருக்குமுங்க?"

கையேட்டில் 1.25 மீட்டர் என்று போட்டிருந்தது. "நாலடி இருக்குமுங்க" என்றேன்.

"நாலடிதானுங்களா! இதுக்கா இத்தனை தூரம் வந்தோமுங்க?"

இந்தச் சம்பாஷணை கோஷ்டி முழுவதும் பரவ ஒரு நிமிஷம்தான் ஆயிற்று. நாலடி என்று தெரிந்த மாத்திரத்தில் எல்லாருடைய முகமும் சாப்பாடு தீர்ந்துவிட்ட பந்தியைப் போல வாடிவிட்டது. புகைப்படம் எடுக்கத் தூக்கிய கைகள் தாழ்ந்தன. பலகை பிடித்த அம்மாளிடம் சம்பந்தி, தமக்குத் தெரிந்த இங்கிலீஷில், நாமக்கல்லில் எங்கள் ஆஞ்சநேயர் 18 அடி என்றும், ஒரே கல் என்றும், நின்ற திருக்கோலம் என்றும், மேலே கூரை இல்லை என்றும் எடுத்துரைக்க, அந்த அம்மாள் மரியாதைக்காகத் தலையசைத்துவிட்டு, நேரமாகிறது என்று கழியை உயர்த்தினார்.

எத்தனை அடி என்னும் இந்தக் கேள்வி சேலம், நாமக்கல் சமவெளியில் எங்ஙனம் உற்பத்தியாயிற்று என்பதை நான் வெகு காலமாக ஆராய்ந்து வருகிறேன். என் சம்பந்திக்கு ரிக் வண்டி இருக்கிறது. திருச்செங்கோட்டில் யாருக்குத்தான் இல்லை? இந்தியாவில் எந்த மாகாணத்தில் எந்தப் பொட்டல் காட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டினாலும், தோண்டுகிற லாரியின் கதவில் திருச்செங்கோடு என்று எழுதியிருக்கும். அது எங்கள் ஜில்லாவின் பெருமைகளுள் ஒன்று. அந்தத் தொழிலில் கூலி அடிக்கு இவ்வளவு என்றுதான். ஆகையால் அந்த வீட்டில் அடி என்பது வெறும் அளவையன்று. அதுதான் அரிசி, அதுதான் பருப்பு, என் மகளுக்குப் போட்ட தாலிக்கொடியும் அதுவே.

போர் போடுவதை நேரில் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். முதலில் நீரோட்டம் பார்க்கிறவர் வருவார். உள்ளங்கையில் ஒரு தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு தோட்டத்துக்குள் மெதுவாக நடப்பார். ஓரிடத்தில் தேங்காய் தானாக எழுந்து நிற்கும். அங்கே ஒரு கல்லை வைத்துவிட்டு, பரம நிச்சயத்துடன், "இருநூற்று நாற்பதிலே ஒரு ஊற்று, நானூறிலே ஒரு ஊற்று" என்பார். தேங்காய்க்கு இத்தனை துல்லியமாகக் கணக்குத் தெரிவது எப்படி என்று கேட்பவனை அந்தத் தோட்டத்தில் யாரும் மதிக்கமாட்டார்கள். பிறகு இரவோடு இரவாக ரிக் வண்டியும் கம்ப்ரஸர் வண்டியும் வந்து நிற்கும். ராடு ஒவ்வொன்றாக இறங்கும். ஊரே சுற்றி நின்று இறங்கிய ராடை எண்ணும். இருநூறு அடி; வெள்ளைத் தூசி. முந்நூறு; கறுப்புத் தூசி. தோட்டக்காரர் தலையிலிருந்து முண்டாசைக் கழற்றி மறுபடி கட்டுவார். நானூறு, தூசி. இனிமேல் ஒவ்வொரு அடியும் மனைவியின் நகையிலிருந்து போகிறது என்று அவருக்குத் தெரியும். நிறுத்தினால் இதுவரை போனதும் வீண் என்பதும் தெரியும். "இன்னும் ஒரு நூறு போட்டுப் பாருங்க" என்பார். அறுநூறு, எண்ணூறு, ஆயிரம். வழியே போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி, தண்ணீர் வந்ததா என்று கேட்கமாட்டார்கள், அது மங்கலமல்ல. "எத்தனை அடி ஆச்சுங்க?" என்பதே இந்தப் பக்கத்தில் நாகரிகமான விசாரிப்பு.

வாழ்நாளெல்லாம் பூமிக்குள் அடிகளை எண்ணியே பழகின கண்கள், எப்போதாவது தலையை நிமிர்த்தி ஆகாயத்தைப் பார்க்கும்போதும் அதே கணக்கைத்தான் கொண்டு போகின்றன. விடிந்ததும் பத்திரிகையைப் பிரிக்கிற எங்கள் பக்கத்து மனிதன் மந்திரிசபை கவிழ்ந்ததா என்று பார்க்குமுன் மேட்டூரில் எத்தனை அடி என்று பார்க்கிறான். 1934இல் திறந்த அந்த ஸ்டான்லி நீர்த்தேக்கத்துக்கு முழுக் கொள்ளளவு 120 அடி. அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி தஞ்சாவூருக்குப் போகிறது. இராசிபுரத்தில் வசிக்கும் எனக்கு அதில் பாசனத்துக்கென்று ஒரு குடம்கூட உரிமையில்லை. இருந்தாலும் கால் அடி குறைந்தது என்று படித்தால் எனக்குக் காப்பி இறங்குவதில்லை. ஆத்தூர் சாலையில் ஏத்தாப்பூருக்குப் பக்கத்தில் முத்துமலை முருகனைப் பாருங்கள். மலேயாவில் பத்துமலைக் குகை வாசலில் 2006இல் எழுப்பிய முருகன் 140 அடி. நம்முடையவர் 2022இல் 146 அடியாக எழுந்தருளினார். அந்த ஆறு அடிக்காக எங்கள் ஜனங்கள் படும் ஆனந்தத்தைச் சொல்லி முடியாது. ஆறு அடி என்பது நல்ல ஆகிருதியுள்ள ஓர் ஆசாமியின் உயரம். ஆக, பத்துமலை முருகனின் கிரீடத்தின்மேல் ஒரு போலீஸ்காரரை ஏற்றி நிறுத்தினால் கணக்குச் சரியாகிவிடும் என்று நான் ஒரு நாள் சொல்லப்போக, சம்பந்தி இரண்டு மாதம் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை.

அடி கிடைக்காத இடத்தில் வேறு நாணயங்கள் செலாவணியாகும். ஏற்காட்டுக்குக் கொண்டை ஊசி வளைவு 20, கொல்லிமலைக்கு 70. ஏற்காட்டின் குளிரைப் பற்றியோ, காப்பித் தோட்டங்களின்மேல் மத்தியான்னத்தில் இறங்கும் பனிமூட்டத்தைப் பற்றியோ பேச ஆரம்பித்தால், உடனே ஒருவர், "அது இருபதுதானுங்க, கொல்லிமலை எழுபதுங்க" என்று வாயை அடைத்துவிடுவார். கொல்லிமலையில் ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேல் படிகள் இறங்கவேண்டும். போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், படியைச் சொல்வார்கள், முழங்காலைச் சொல்வார்கள், அருவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். திருச்செங்கோட்டு மலைமேல் ஆணும் பெண்ணும் ஒரே திருமேனியாக நிற்கிற அர்த்தநாரீசுவரரைத் தரிசித்து வந்தவர் சொல்லும் முதல் வார்த்தையும் ஆயிரத்து இருநூறு படி என்பதுதான். நாமக்கல் நகரத்தின் நடுவில் ஒரே பாறையாக எழுந்து நிற்கும் மலையின் உயரத்தைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். ஒருவர் சொல்லும் அடியை இன்னொருவர் ஒப்புக்கொள்வதில்லை. இதன் நிமித்தம் டீக்கடையில் கைகலப்பு வரைக்கும் போனதை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

ஸ்டாக்ஹோமில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அங்கே வாசா என்கிற போர்க்கப்பலைக் கண்காட்சியாக வைத்திருக்கிறார்கள். 1628இல், ஊர் ஜனமெல்லாம் கரையில் நின்று பார்க்க, முதல் பிரயாணம் புறப்பட்டு, ஒரு மைல்கூடப் போகாமல், ஒரு சின்னக் காற்றுக்குச் சாய்ந்து முழுகிப் போன கப்பல் அது. மேற்பாகத்தில் தட்டுக்கு மேல் தட்டும், பீரங்கிக்கு மேல் பீரங்கியும், சிங்கமும் சிற்பமுமாக ஏற்றி, அடிப்பாகத்துக்கு வேண்டிய கனமும் அகலமும் இல்லாமற் போனதால் நேர்ந்த விபரீதம். 333 வருஷம் கடலடியில் கிடந்ததை 1961இல் தூக்கி நிறுத்தினார்கள். உயரத்தினாலேயே கெட்டுப்போன அந்தப் பாத்திரத்தின் முன்னே நின்றுகொண்டு, எங்கள் கோஷ்டி ஏககாலத்தில் கேட்ட கேள்வி இன்னதென்று சொல்லவேண்டியதில்லை. 52 மீட்டர் என்று பதில் வந்தது. அதாவது 170 அடி. முருகனைவிட அதிகம் என்று சிலருக்கு வருத்தம். சம்பந்திக்கு மட்டும் வேறொரு சந்தேகம். முழுகிக் கிடந்த ஆழம் எவ்வளவு என்று கேட்கச் சொன்னார். 32 மீட்டர். அவர் மனத்துக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டு, முகத்தில் மெய்யான ஆச்சரியத்துடன் என் காதோரம் சொன்னார்: "நூத்தியஞ்சு அடியிலே கப்பலே முழுகற அளவுக்குத் தண்ணி இருக்குதுங்க! நம்ம ஊர்ல அந்த ஆழத்துல தூசிதானுங்க வரும்." அந்தப் பிரயாணத்தில் யாருடைய வாயிலிருந்தும் வந்தவற்றில் எனக்குப் பிடித்த வாக்கியம் அது ஒன்றுதான் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவைக்கிறேன்.

இனி அட்டவணைக்கு வருவோம். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவை முதலில் எழுதினேன். டி. ஆர். சுந்தரம் அவர்கள் ஸ்தாபித்த அந்த ஸ்டூடியோவிலிருந்துதான் மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938இல் வந்தது. தமிழின் முதல் முழு வர்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் வந்தது. ஸ்டூடியோ போய்விட்டது, அந்த இடத்தில் வீடுகள் எழும்பிவிட்டன, வளைவு நிற்கிறது. உள்ளே ஒன்றுமில்லாமல் வாசல் மட்டும் இருப்பதால், இறங்கி நின்று படம் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷத்தில் பஸ் ஏறுகிறவர்களுக்கு இதைக் காட்டிலும் உத்தமமான க்ஷேத்திரம் பூலோகத்தில் கிடையாது. உயரம்: லாரி போகும்.

சாயங்காலத்துக்குத் தட்டுவடை செட். சேலத்துக்கு வந்து இதைத் தின்னாமல் போகிறவன் சேலத்துக்கு வரவில்லை என்றே நான் கொள்வேன். தள்ளுவண்டிக்காரர், ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதான தட்டுவடைகளை வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றின்மேலும் பச்சைச் சட்டினியும் சிவப்புச் சட்டினியும் விரல் நுனியால் தடவி, துருவிய காரட்டையும் பீட்ரூட்டையும் வெங்காயத்தையும் குவித்து, இன்னொரு தட்டுவடையால் மூடி நீட்டுவார். அதை முழுசாக வாயில் போட்டுக்கொள்ள வேண்டுமேயொழிய, கடித்துத் தின்றால் பாதி சட்டையில்தான். உயரம்: ஒன்றரை விரற்கடை. இதைச் சம்பந்தி நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாமக்கல்லில் ஆஞ்சநேயரை நான் சொல்லாவிட்டாலும் போவார்கள். வெண்ணெய்க் காப்பில் இருந்தால் இரண்டு தடவை போவார்கள். ஆனால் அவர் கைகூப்பி யாரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாரோ, அந்த நரசிம்மரின் குடைவரைக்குள் போகிற யாத்திரிகர் சொற்பம். போனாலும் சேவித்துவிட்டுத் திரும்புகிறவர்கள்தாம் அதிகம். பல்லவர் காலத்தை ஒட்டி அதியர் குலத்து அரசன் குடைவித்த அந்தக் குகையில், பக்கச் சுவர்களில், இரணியனை மடியில் கிடத்திக் கிழிக்கும் நரசிம்மமும், பூமிதேவியைத் தாங்கும் வராகமும், காலை ஆகாயத்துக்கு வீசி உலகத்தை அளக்கும் திரிவிக்கிரமனும் இருக்கிறார்கள். இதை எழுதும்போதே எனக்குப் பயம் வந்துவிட்டது. திரிவிக்கிரமனுக்கு நேரே உயரக் கட்டத்தில் 'மூன்று அடி' என்று சம்பந்தி எழுதிவிடுவார். கணித மேதை இராமானுஜனின் கனவில் வந்து சூத்திரங்களைக் கொடுத்த நாமகிரித் தாயாரின் சந்நிதியும் அதே வளாகத்தில்தான். முடிவில்லாத தொடர்களை அருளியவளுக்கு எங்கள் அட்டவணை என்ன அற்பமாகத் தோன்றும்!

எல்லாவற்றுக்கும் மேலாகத் தாரமங்கலத்தை எழுதினேன். கெட்டி முதலிகள் கட்டிய கைலாசநாதர் கோயில். அங்கே ஒரு தூணில் வாலியும் சுக்கிரீவனும் மல்லுக்கு நிற்கிறார்கள். தள்ளி இன்னொரு தூணில் இராமன் வில்லை வளைத்து நிற்கிறான். இராமனிடம் நின்று பார்த்தால் வாலி நன்றாகத் தெரிகிறான். வாலியிடம் வந்து நின்று பார்த்தால் இராமனைக் காணோம், தூண்கள் மறைத்துக்கொள்கின்றன. வாலியின் வியாஜ்யத்தில் எத்தனை பண்டிதர்கள் எத்தனை காலம் பேசியிருக்கிறார்கள். இந்தச் சிற்பி ஒரு வார்த்தை பேசாமல் தூண்களை இடம் மாற்றி நட்டுக் கேஸை முடித்துவிட்டான். ஆனால் அது தெரியவேண்டுமானால் பார்க்கிறவர் இங்கே ஒரு தடவை நிற்கவேண்டும், அங்கே ஒரு தடவை நிற்கவேண்டும், மறுபடியும் இங்கே வரவேண்டும். சிங்கத்தின் வாய்க்குள் உருளும் கல் குண்டை விரலால் தள்ளிப் பார்க்கவேண்டும். நிற்கும் நேரம் என்ற கட்டத்தில் இரண்டு மணி என்று எழுதினேன். உயரம் என்ற கட்டத்தில், 'ஒன்றிலிருந்து மற்றொன்று தெரியாது' என்று எழுதி அனுப்பினேன்.

அரை மணியில் போன் வந்தது.

"சம்பந்தி, தாரமங்கலத்தை அடிச்சுட்டேனுங்க. தெரியாத சாமியைப் பார்க்க ரெண்டு மணி நேரம் எதுக்குங்க?"

"தெரியாததுதானுங்க அங்கே விசேஷம்."

"கோஷ்டிக்காரங்க என்னைய மொத்திப்போடுவாங்க. அதுக்குப் பதிலா சங்ககிரிக்குப் பக்கத்துல நம்ம புது ரிக் ஓடுது, அதைக் காட்டிடலாமுங்க. மாஸ்டே எத்தனை அடிங்கிறீங்க!"

சங்ககிரி என்றதும் எனக்குச் சபலம் தட்டியது. தீரன் சின்னமலையை 1805இல் தூக்கிலிட்ட கோட்டை மலை கண்ணெதிரே நிற்க, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பஸ் கோஷ்டி தூசிக்குள் நின்று ராடை எண்ணுவதாவது என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. பெண்ணைக் கொடுத்தவன். இராசிபுரத்திலும் பத்து நிமிஷம் நிறுத்தலாமே, நாவலாசிரியர் ஆர். கே. நாராயண் பேரிலிருக்கும் 'ஆர்' எங்கள் ஊர்தானே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்றார். நெய் என்றேன். நெய்யைத் தாம் வாங்கிக் கொடுத்துவிடுவதாகவும், பஸ் அதற்காக நிற்கவேண்டாமென்றும் தீர்ப்பாயிற்று.

ஆகவே நான் வாக்களித்த பட்டியல் இப்போது என் கையில் இல்லை. சம்பந்தி கையில் இருக்கிறது. அதில் நான் எழுதியவற்றுள் தட்டுவடை செட் ஒன்றுதான் பாக்கி, அதுவும் பூண்டு இல்லாமல் கிடைக்குமா என்று கோஷ்டியில் ஒருவர் கேட்டிருக்கிறாராம். எனக்கும் ஓர் உத்தியோகம் ஒதுக்கியிருக்கிறார்கள். கோபன்ஹேகனில் அந்த அம்மாள் தூக்கிக்கொண்டு நடந்த மாதிரி ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் நடக்கவேண்டுமாம். பலகையை நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் தகரத்தில் அடிக்கச் சொல்லி, மஞ்சள் பெயிண்டும் ஆகிவிட்டது. கழிக்கு மூங்கில் போதுமே, இரும்புக் குழாய் எதற்கு, என் வயதுக்குத் தூக்கமுடியுமா என்று கேட்டேன். மூங்கில் காற்றுக்கு ஆடுமாம். தவிரவும் பதினோரு அடிக்கு நேரான மூங்கில் கிடைக்காதாம்.